கடித்தால் மட்டும் போதுமா? மனிதர் வாம்பயர் ஆவது எப்படி

நிலவறை எழுதியது:

வணக்கம். வாம்பயர், அதாவது ரத்தக்காட்டேரி, பற்றி நண்பர் ஒருவரோடு வாக்குவாதம். "வாம்பயர் கடித்தால் கடிபட்டவரும் வாம்பயர். இதில் பேச என்ன இருக்கிறது?" என்கிறார். பிராம் ஸ்டோக்கரின் டிராகுலா நாவலிலேயே அப்படி இல்லை என்பது என் கட்சி.

அதில் லூசி என்ற பெண் பல இரவுகள் கடிபடுகிறாள். நாலு பேர் மாற்றி மாற்றி ரத்தம் கொடுத்தும் செத்துப்போகிறாள். செத்த பிறகுதான் எழுந்து வருகிறாள். வந்தவள் ஹாம்ப்ஸ்டெட் பக்கம் சின்னப் பிள்ளைகளைக் கடிக்கிறாள். அந்தப் பிள்ளைகள் யாரும் சாகவில்லை, மாறவும் இல்லை. மீனா என்ற இன்னொருத்திக்கு நடப்பது வேறு. வாம்பயரான டிராகுலா தன் மார்பைக் கீறி அந்த ரத்தத்தை அவளைக் குடிக்க வைக்கிறான். அவள் உயிரோடு இருக்கும்போதே மெல்ல மாறத் தொடங்குகிறாள், நெற்றியில் தேவாலயத்துத் திரு அப்பம் பட்டதும் சுட்டுவிடுகிறது. ஒரே புத்தகத்தில் மூன்று விதம்!

என் கேள்வி இதுதான்: கடியால் மாறுவது என்ற விதி எங்கிருந்து வந்தது? நாட்டார் நம்பிக்கையில் இருந்ததா, நாவலாசிரியர்கள் சேர்த்ததா?

---

சேலத்துப் பையன் எழுதியது:

படத்துக்குப் படம் மாறும் பாஸ். ஒன்றில் கடித்தால் போதும், இன்னொன்றில் ரத்தம் மாற்றிக் குடிக்க வேண்டும், ட்வைலைட்டில் விஷம் ஏறி மூன்று நாள் எரிச்சலில் துடிக்க வேண்டும். இயக்குநருக்கு எது வசதியோ அதுதான் விதி. இதற்கெல்லாம் வரலாறு தேடினால் தலைவலிதான் மிச்சம்.

---

பழைய ஏடு எழுதியது:

தம்பி, தலைவலி வந்தாலும் பரவாயில்லை, தேடிப் பார்க்கலாம்.

கிழக்கு ஐரோப்பிய நாட்டார் நம்பிக்கையில் வாம்பயர் ஆவதற்கான காரணங்களைத் திரட்டினால் கடி கடைசி வரிசையில்தான் நிற்கும். முதல் வரிசையில் இருப்பது பிறப்பு. பனிக்குடச் சவ்வு தலையில் ஒட்டிக்கொண்டு பிறந்த பிள்ளை, பல்லோடு பிறந்த பிள்ளை, ருமேனியாவில் வாலோடு பிறந்த பிள்ளை, ஏழாவதாகப் பிறந்த பிள்ளை. போலந்தின் வடகரையில் வாழும் கஷூபியர் அந்தச் சவ்வை எறியாமல் காயவைத்துப் பத்திரப்படுத்தி, பிள்ளைக்கு ஏழு வயதானதும் எரித்துச் சாம்பலாக்கி அதற்கே குடிக்கக் கொடுப்பார்கள். அப்படிச் செய்துவிட்டால் தோஷம் கழிந்தது என்று நம்பிக்கை. நம் ஊரில் கொடி சுற்றிப் பிறந்த பிள்ளை மாமனுக்கு ஆகாது என்று சொல்லி, மாமனைக் கூப்பிட்டுச் சடங்கு செய்கிறோமே, அந்த மனசுதான் அங்கேயும்.

அடுத்தது வாழ்க்கை. சூனியம் வைத்தவர், பொய்ச் சத்தியம் செய்தவர், சபையால் விலக்கப்பட்டவர். கிரேக்கத்தில் இந்தக் கடைசி ஆள் முக்கியம். ஆர்த்தடாக்ஸ் சபை ஒருவரை விலக்கிவைத்தால் அவர் உடலை மண் ஏற்காது, அழுகாது என்று நம்பினார்கள். அழுகாத உடல்தான் வ்ரிகோலகாஸ், கிரேக்கரின் வாம்பயர்.

அப்புறம் சாவு: தற்கொலை, கொலை, ஞானஸ்நானம் ஆகாமல் இறந்த குழந்தை. அதற்கும் பிறகு, பிணம் வீட்டில் கிடக்கும் நேரம். பூனை தாண்டினால் போச்சு. நாய், கோழி எது தாண்டினாலும் சில ஊர்களில் அதே கதைதான். செத்தவர் மேல் ஒரு குற்றமும் இல்லை, வாழ்நாள் முழுக்கக் கோயிலுக்குப் போன பாட்டியாகக்கூட இருக்கலாம். காவல் இருந்தவர் கண் அசந்ததுதான் தப்பு.

இந்தக் கடைசி வகைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. செத்தவர் எப்படி வாழ்ந்தார் என்பதைவிட, இருப்பவர்கள் அவரை எப்படி வழியனுப்பினார்கள் என்பதில்தான் நாட்டார் வாம்பயர் உருவாகிறது.

---

மருதாணி எழுதியது:

பழைய ஏடு அண்ணா, அருமை. ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லையே. கடித்து மாறுவது நாட்டார் வழக்கில் உண்டா, இல்லையா?

---

பழைய ஏடு எழுதியது:

இல்லை என்றுதான் சொல்வேன், மருதாணி. 1725-இல் செர்பியாவின் கிசில்யேவோ ஊரில் நடந்ததைப் பாருங்கள்.

துருக்கியரோடு செய்த 1718 உடன்படிக்கைக்குப் பிறகு வட செர்பியா ஆஸ்திரியர் கையில். பேதர் பிளகோயெவிச் என்ற குடியானவர் இறந்து பத்து வாரம் கழித்து, ஒரே வாரத்தில் ஒன்பது பேர் சாகிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு நாள் காய்ச்சலில் கிடந்து போகிறார்கள். சாகும் முன், "பேதர் கனவில் வந்தார், மேலே படுத்தார், தொண்டையை நெரித்தார்" என்கிறார்கள். கவனியுங்கள், நெரித்தார், கடித்தார் இல்லை. பேதரின் மனைவியோ, "வந்து தன் செருப்பைக் கேட்டார்" என்று சொல்லிவிட்டு ஊரையே காலி செய்து போய்விட்டாள்.

ஃப்ரோம்பால்ட் என்ற அதிகாரி, பெல்கிரேடுக்கு எழுதி அனுமதி வரட்டும் என்றார். அதற்குள் ஊரே அழிந்துவிடும், நாங்கள் கிளம்புகிறோம் என்றார்கள் மக்கள். வேறு வழியில்லாமல் பாதிரியாரோடு போய்க் குழியைத் திறந்தார். மூக்கு மட்டும் கொஞ்சம் விழுந்திருந்தது. மற்றபடி உடல் புதிதாக இருந்தது. பழைய தோல் உரிந்து கீழே புதுத் தோல், வாயில் ரத்தம். ஆப்பு அடித்தார்கள், எரித்தார்கள். அறிக்கை முடிவில் மனுஷன், இதில் தவறு ஏதும் இருந்தால் அது என்னுடையதல்ல, பயத்தில் நிதானம் இழந்த கூட்டத்துடையது என்று கை கழுவிக்கொள்கிறார். எந்தக் காலத்திலும் அதிகாரி அதிகாரிதான்.

பேதர் எப்படி வாம்பயர் ஆனார்? அறிக்கையில் ஒரு வரி இல்லை. அவர்கள் வழக்கப்படிதான் அடக்கம் செய்தார்கள் என்று மட்டும் இருக்கிறது. கடித்து வந்ததென்றால் யாராவது சொல்லியிருப்பார்களே!

---

தராசு எழுதியது:

ஐயா, கிசில்யேவோவில் நிறுத்திவிட்டீர்கள். ஏழு வருடம் தள்ளி, அதே செர்பியாவில் மெத்வேஜா என்ற ஊருக்கு வாருங்கள். உங்கள் வாதம் அங்கே நிற்காது.

1732 ஜனவரியில் ஃப்ளூக்கிங்கர் என்ற படை மருத்துவர் எழுதிய அறிக்கை. ஐரோப்பா முழுக்க அச்சேறி, வாம்பயர் என்ற சொல்லே அந்த வருடம்தான் லண்டன் பத்திரிகைகளுக்குள் நுழைந்தது. அதில் வரும் அர்னாட் பாவ்லே எல்லைக் காவல் வீரர். வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்து கழுத்து முறிந்து செத்தவர். இதில் அமானுஷ்யம் ஏதுமில்லை.

ஆனால் உயிரோடு இருந்தபோது அவர் அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்த கதை ஒன்று உண்டு. துருக்கியர் பக்கம் கோசோவா என்ற இடத்தில் ஒரு வாம்பயர் தன்னைப் பிடித்து ஆட்டியது. தப்பிக்க அதன் குழி மண்ணை அள்ளித் தின்றேன், அதன் ரத்தத்தை உடம்பில் பூசிக்கொண்டேன் என்பார்.

செத்து இருபது முப்பது நாளில், பாவ்லே வந்து தொல்லை செய்கிறார் என்று ஊரில் புகார். நாலு பேர் சாகிறார்கள். நாற்பதாம் நாள் தோண்டினால் கண், காது, மூக்கு, வாய் எங்கும் புது ரத்தம். ஆப்பு இறங்கியதும் காது கேட்க முனகினாராம். எரித்துவிட்டு, அந்த நாலு பேரையும் தோண்டி அதே மாதிரி செய்தார்கள். ஏன்? காரணம் அறிக்கையிலேயே இருக்கிறது: வாம்பயரால் வதைபட்டுச் செத்தவர்கள் எல்லோரும் வாம்பயர் ஆகியே தீர வேண்டும் என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள்.

டிராகுலா வெளிவந்தது 1897. ஸ்டோக்கருக்கு 165 வருடம் முன்பே செர்பியக் குடியானவர்கள் தொற்றைச் சொல்லிவிட்டார்கள். நாவலாசிரியர் கண்டுபிடிப்பு என்ற பேச்சுக்கு இடமே இல்லை.

---

மருதாணி எழுதியது:

அப்போது பாவ்லே மண் தின்றது, ரத்தம் பூசியது எல்லாம் வீணா? அது மருந்தா, இல்லை அதுதான் வியாதியையே கொண்டுவந்ததா?

---

தராசு எழுதியது:

சரியான இடத்தில் பிடித்தீர்கள். ஊர்க்காரர்களைப் பொறுத்தவரை அது மருந்து. ஆனால் மருந்து சாப்பிட்ட ஆள்தானே எழுந்து வந்தார்?

1731 குளிர்காலத்தில் இரண்டாம் அலை. மூன்று மாதத்தில் பதினேழு பேர் சாவு. ஃப்ளூக்கிங்கர் வந்தது அதற்காகத்தான். இவர்கள் எப்படி மாறினார்கள் என்ற கேள்விக்கு ஊர் சொன்ன பதில் இரண்டு பெண்களைச் சுற்றி வருகிறது.

ஸ்டானா, இருபது வயது, பிரசவத்தில் இறந்தவள். துருக்கியர் பக்கம் இருந்தபோது தற்காப்புக்காக வாம்பயர் ரத்தத்தைப் பூசிக்கொண்டதாகச் சாகும் முன் சொல்லியிருக்கிறாள். பாவ்லே செய்த அதே வைத்தியம்.

மிலிட்சா, அறுபது வயது. வாம்பயர் கொன்ற இரண்டு ஆடுகளின் கறியைத் தின்றேன் என்று அவளே காவல் வீரர்களிடம் சொன்னவள். இவளைப் பற்றி ஒரு குறிப்பு இருக்கிறது, படித்ததிலிருந்து மறக்கவில்லை. குழியைத் திறந்ததும் சுற்றி நின்ற வீரர்கள் மலைத்துப்போனார்களாம். சின்ன வயதிலிருந்து தெரிந்த பொம்பளை, வாழ்நாளெல்லாம் காய்ந்து ஒட்டிப்போய்க் கிடந்தவள், குழிக்குள் கொழுகொழுவென்று இருக்கிறாள்! சாப்பாட்டுக்கு வழியில்லாத எல்லைக் கிராமத்தில் அதைவிடப் பெரிய சாட்சி என்ன வேண்டும்?

பாவ்லே ஆடுமாடுகளின் ரத்தத்தையும் உறிஞ்சினார், அந்தக் கறியைத் தின்றதால்தான் மறுபடி வாம்பயர்கள் தோன்றினார்கள் என்று அறிக்கை முடிச்சுப் போடுகிறது. ஆக மெத்வேஜாவில் மாறும் வழி மூன்று: கொல்லப்படுவது, ரத்தம் மேலே படுவது, கெட்ட கறி உள்ளே போவது.

---

பழைய ஏடு எழுதியது:

தராசு, அறிக்கையை நீங்கள் படித்திருப்பது தெரிகிறது, சந்தோஷம். ஆனாலும் என் வாதம் சாகவில்லை (ஆப்பு அடித்தாலும்!). அந்த வாக்கியத்தில் இருப்பது, வாம்பயரால் செத்தவர் வாம்பயர் ஆவார் என்பது. கடி எங்கே? அதே அறிக்கையில் ஒரு இளம்பெண் நடுச்சாமத்தில் அலறி எழுந்து, ஒன்பது வாரம் முன்பு செத்த பையன் வந்து கழுத்தை நெரித்தான் என்கிறாள். மூன்றாம் நாள் போய்விடுகிறாள். அவளைத் தோண்டிப் பார்த்தபோது வலது காதுக்குக் கீழே விரல் நீளத்துக்கு ரத்தம் கட்டிய நீலத் தழும்பு. இரண்டு பல் ஓட்டை இல்லை. தொற்று உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அது கழுத்தில் பதியும் பல் வழியாகத்தான் போகிறது என்பது பிற்பாடு வந்த அலங்காரம்.

---

மாத்திரை எழுதியது:

மருத்துவம் படித்தவள் என்ற முறையில் உள்ளே வருகிறேன்.

நீங்கள் இருவரும் சொன்ன அடையாளங்கள் எல்லாம் சாதாரணப் பிண மாற்றம்தான். வயிற்றில் கிருமிகள் வாயுவை உண்டாக்கி உடல் ஊதும். மிலிட்சாவின் கொழுகொழுப்பு அதுதான். அந்த அழுத்தத்தில் நுரையீரலிலிருந்து கருஞ்சிவப்புத் திரவம் வாய் மூக்கு வழியே வரும், பார்க்க ரத்தம் மாதிரியே இருக்கும். மேல்தோலும் நகமும் கழன்றால் கீழே இளஞ்சிவப்பாகத் தெரியும், புதுத் தோல் முளைத்த மாதிரி. ஆப்பு இறங்கும்போது வாயு தொண்டை வழியே வெளியேறினால் முனகல் சத்தம் கேட்கும். குளிர்கால மண்ணில் இதெல்லாம் மெதுவாக நடக்கும், அதனால் இரண்டு மாதம் ஆன உடல்கூடப் புதிதாகத் தெரியும். மெத்வேஜாவில் ஒரே சமயத்தில் புதைத்த உடல்களில் சில அழுகியிருந்தன, சில இல்லை. அழுகியவற்றைத் திருப்பிக் குழியில் வைத்தார்கள். அழுகாதவற்றின் தலையை வெட்டி எரித்து, சாம்பலை மொராவா ஆற்றில் கரைத்தார்கள். அதாவது யார் வாம்பயர் என்பதைக் குழியின் ஈரமும் குளிரும் முடிவு செய்திருக்கின்றன.

இன்னொன்று. யாராவது போர்ஃபிரியா என்ற நோய்தான் காரணம் என்று ஆரம்பிப்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், வேண்டாம். 1985-இல் டேவிட் டால்ஃபின் என்ற வேதியியலாளர் கிளப்பிய யோசனை அது. வெயில் ஆகாத, வெளிறிய நோயாளிதான் வாம்பயர் கதைக்கு மூலம் என்றார். நாட்டார் வாம்பயர் வெளிறிய ஆளே இல்லை, ரத்தம் கட்டிச் சிவந்து ஊதிய ஆள். வெயில் பட்டுச் சாவது 1922-இல் வந்த நாஸ்ஃபெராட்டு படத்தோடு வந்தது. ஸ்டோக்கரின் டிராகுலாவே பகலில் லண்டன் தெருவில் நடக்கிறான். சினிமா வாம்பயருக்குப் பொருந்தும் நோயைப் பழைய குடியானவர் தலையில் கட்டினால் எப்படி?

---

கூழாங்கல் எழுதியது:

மாத்திரை அக்காவின் பதிவோடு சேர்த்து அமெரிக்காவையும் பாருங்கள். நியூ இங்கிலாந்தில் காசநோய் குடும்பம் குடும்பமாகத் தின்றுகொண்டிருந்த காலம். ரோட் ஐலண்டு எக்ஸிட்டரில் பிரவுன் குடும்பம்: தாய் போனாள், மூத்த மகள் போனாள், 1892 ஜனவரியில் மெர்சி போனாள், மகன் எட்வினும் இருமிக்கொண்டிருக்கிறான். செத்தவர்களில் யாரோ வாம்பயராகி அவனை வதைக்கிறார் என்று, மார்ச்சில் மூன்று உடல்களையும் வெளியே எடுத்துப் பார்த்தார்கள். தாயும் அக்காவும் எலும்பு. மெர்சி அப்படியே இருந்தாள், இருக்காமல் என்ன செய்வாள், உறைகுளிரில் இரண்டே மாதம்தானே ஆகிறது. இதயத்தையும் ஈரலையும் எரித்துச் சாம்பலை எட்வினுக்குக் கொடுத்தார்கள். இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை, அவனும் போய்விட்டான். காசநோய்க் கிருமியை ராபர்ட் கோச் என்ற மருத்துவர் கண்டு அறிவித்து அப்போது பத்து வருடம் ஆகியிருந்தது.

இங்கே மெர்சி எப்படி வாம்பயர் ஆனாள் என்று யாரும் கேட்கவே இல்லை. சூனியம் இல்லை, சாபம் இல்லை, பூனை இல்லை. அவளை யாரும் தீயவள் என்றும் சொல்லவில்லை. முன்னால் செத்ததுதான் அவள் செய்த ஒரே காரியம்.

---

சேலத்துப் பையன் எழுதியது:

ஒரு நிமிஷம். பாவ்லே மண் தின்றார், எட்வின் சாம்பல் குடித்தான், கஷூபியப் பிள்ளை சவ்வைக் குடிக்கிறது. எல்லா ஊரிலும் வைத்தியம் ஒரே மாதிரி இருக்கிறதே? எது தொற்றுகிறதோ அதையே கொஞ்சம் தின்றால் தப்பலாம் என்பதுபோல.

---

தராசு எழுதியது:

தலைவலி என்று சொன்ன ஆளா இது! ஆமாம் தம்பி. ருமேனியாவில் மரோத்தினு தெ சுஸ் என்ற ஊரில் 2004-இல் கூட இது நடந்தது. இறந்தவரின் உடலைத் தோண்டி, இதயத்தை எடுத்து எரித்து, சாம்பலைத் தண்ணீரில் கலந்து உறவினர்கள் குடித்தார்கள். போலீஸ் வழக்காகி உலகச் செய்தியானது. அவர்கள் மொழியில் அது ஸ்ட்ரிகோய். 1755-லேயே ஆஸ்திரிய அரசி மரியா தெரேசா, தன் மருத்துவர் வான் ஸ்வீட்டன் சொன்னதைக் கேட்டு, குழி தோண்டுவது, ஆப்பு அடிப்பது, எரிப்பது எல்லாவற்றையும் தடை செய்துவிட்டார். அரசாணைக்கு எல்லாம் அடங்குகிற விஷயமா இது?

---

ஈப்போ மல்லிகை எழுதியது:

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். எல்லோரும் செர்பியாவிலேயே நிற்கிறீர்கள். எங்கள் பக்கத்து வீட்டு மலாய்ப் பாட்டிகளைக் கேட்டால் இதைவிடத் தெளிவாகச் சொல்வார்கள். பிரசவத்தில் செத்த பெண் லங்சுயிர் ஆவாள். செத்துப் பிறந்த அவள் பிள்ளை பொந்தியானாக். இப்போதைய பேச்சில் இரண்டும் கலந்து, பிரசவத்தில் செத்தவளையே பொந்தியானாக் என்கிறார்கள்.

ஸ்கீட் என்ற ஆங்கிலேயர் 1900-இல் மலாய் மந்திர வழக்கங்களைத் தொகுத்தார். மாறாமல் தடுக்க என்ன செய்வார்கள் என்று அவர் எழுதியிருப்பதைப் பாருங்கள். பிணத்தின் வாயில் கண்ணாடி மணிகள் போட வேண்டும், கத்தி அலற முடியாது. இரண்டு அக்குளிலும் ஒவ்வொரு கோழிமுட்டை, கையைச் சிறகாக அடிக்க முடியாது. உள்ளங்கைகளில் ஊசி, விரலை விரித்துப் பறக்க முடியாது. முட்டை உடைந்துவிடுமே என்று கையை ஒடுக்கிக்கொண்டு படுத்திருப்பாள், பாவம். அந்த நிலையிலும் ஒரு தாயின் ஜாக்கிரதை அவளிடம் இருக்கும் என்று நம்பித்தானே முட்டை வைக்கிறார்கள்.

மாறிவிட்டால் திருப்பவும் வழி உண்டு. பிடித்து, நீண்ட நகத்தையும் தலைமுடியையும் வெட்டி, பிடரியில் இருக்கும் ஓட்டையில் திணித்தால் சாதாரணப் பெண்ணாகிக் குடும்பம் நடத்துவாள். ஊர்த் திருவிழாவில் ஆடவிட்டால் மறுபடி பறந்துவிடுவாள். சினிமாவில் இது பிடரியில் அடிக்கும் ஆணியாக மாறிவிட்டது.

யாரும் அவளைக் கடிக்கவில்லை. தமிழ்நாட்டில் கர்ப்பத்தோடு இறந்த பெண்ணுக்காகச் சாலையோரம் சுமைதாங்கிக் கல் நாட்டுவார்கள் என்று எங்கள் ஆயா சொல்லுவார். அவளுடைய சுமை இறங்கட்டும் என்று. முட்டையும் ஊசியும் வைப்பவர்களுக்கும் கல் நாட்டுபவர்களுக்கும் பயம் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றும்.

---

நிலவறை எழுதியது:

மல்லிகை அக்கா, அந்த முட்டை விஷயம் பிரமாதம். 1957-இல் சிங்கப்பூரில் எடுத்த பொந்தியானாக் படத்தில் மாறும் விதம் வேறு என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

---

ஈப்போ மல்லிகை எழுதியது:

ஆமாம். கேத்தே கிரிஸ் தயாரிப்பு, மரியா மெனாடோ நடித்தது. இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ். கூன் விழுந்த பெண் ஒருத்தி மந்திர மருந்து குடித்து அழகியாகிறாள். நிபந்தனை ஒன்று: ரத்தம் நாக்கில் படக்கூடாது. கல்யாணம் ஆகி நன்றாக இருக்கும்போது புருஷனைப் பாம்பு கடிக்கிறது. விஷத்தை வாயால் உறிஞ்சி எடு என்று அவன் கெஞ்சுகிறான். உறிஞ்சுகிறாள். அதோடு முடிந்தது. படச்சுருள் இன்று கிடைப்பதில்லை, கதையைப் பெரியவர்கள் வாயால் கேட்டவர்கள்தான் நாங்கள். பாம்புதான் கடிக்கிறது, மாறுகிறவள் காப்பாற்றப் போனவள்!

---

கூழாங்கல் எழுதியது:

நிலவறை கேட்டதன் இரண்டாம் பாதிக்கு வருகிறேன், இலக்கியம்.

1813-இல் ஆங்கிலக் கவிஞர் பைரன் எழுதிய கவிதையில் வாம்பயர் ஆவது சாபத்தால். நீ பிணமாய் எழுந்து உன் சொந்த மகள், மனைவி, தங்கை ரத்தத்தையே குடிப்பாய் என்று சபிக்கிறான் ஒருவன். 1819-இல் பாலிடோரியின் கதையில் ரூத்வென் பிரபு நிலவொளி பட்டு உயிர்க்கிறான். யாரையும் தன் இனமாக மாற்றுவதே இல்லை, கொல்கிறான், போய்விடுகிறான். விதியை நேராக எழுதிவைத்தவர் லெ ஃபனு என்ற அயர்லாந்து எழுத்தாளர். 1871-72-இல் வந்த கார்மில்லா கதையின் முடிவில் விளக்கம் வருகிறது: முதல் ஆள் தற்கொலை செய்துகொண்டவர், அவர் ஆவி தூக்கத்தில் போய்ப் பிடிக்கும், பிடிபட்டவர்கள் சாவார்கள், குழிக்குள் வாம்பயராக முதிர்வார்கள். நாட்டாரின் தற்கொலைக் காரணமும் மெத்வேஜாவின் தொற்றும் ஒரே பத்தியில்.

இதை ஸ்டோக்கர் எடுத்துக்கொண்டார். லூசிக்கு நடப்பது லெ ஃபனு விதி. மீனாவுக்கு நடப்பதுதான் புதுசு. வாம்பயரின் ரத்தத்தைக் குடிப்பது! பாவ்லேயும் ஸ்டானாவும் தப்பிப்பதற்காகப் பூசிய அதே பொருள், இங்கே மாற்றுவதற்கான பொருள் ஆகிறது. ஸ்டோக்கர் அந்த அறிக்கையைப் பார்த்துத்தான் செய்தார் என்று நான் சொல்லவில்லை. விளைவு தலைகீழ் என்பது மட்டும் நிச்சயம்.

1976-இல் ஆன் ரைஸ் தன் இன்டர்வியூ வித் த வாம்பயர் நாவலில் இதை இன்னொரு பக்கம் திருப்பினார். சாகும் விளிம்புவரை ரத்தத்தை எடுத்துவிட்டு, வேண்டுமா என்று கேட்டுத் தன் ரத்தத்தைக் கொடுப்பான் லெஸ்டாட் என்ற வாம்பயர். அன்றிலிருந்துதான் கதைகளில் உருவாக்கியவன், உருவானவன் என்ற உறவே வருகிறது, அப்பா மகன் சண்டை மாதிரி. பேதருக்கும் பாவ்லேவுக்கும் குரு கிடையாது.

---

மருதாணி எழுதியது:

"வேண்டுமா என்று கேட்டு" என்கிறீர்கள். அதே நாவலில் லெஸ்டாட் மாற்றிய கிளாடியாவிடம் யார் கேட்டார்கள்? ஐந்து வயதுக் குழந்தை. மகளை ரத்தப் புற்றுநோயில் இழந்த பிறகு ரைஸ் எழுதிய புத்தகம் அது. வளரவே முடியாத உடம்புக்குள் மனசு மட்டும் வளர்ந்து, என்னை ஏன் இப்படி ஆக்கினீர்கள் என்று அந்தப் பிள்ளை கேட்பதுதான் புத்தகத்திலேயே பயங்கரமான இடம். சம்மதம், தேர்வு என்று நவீனக் கதைகளைத் தூக்கிப் பிடிக்கிறோம். அங்கேயும் பாதிப் பேர் கேட்காமலே ஆக்கப்பட்டவர்கள்தான்.

---

கூழாங்கல் எழுதியது:

நியாயம். ஆனாலும் கேட்க ஒரு ஆள் இருக்கிறான் பாருங்கள், வித்தியாசம் அங்கே. கிளாடியா லெஸ்டாட்டின் சட்டையைப் பிடிக்கலாம். பூனை தாண்டியதால் வாம்பயர் ஆன பாட்டி யார் சட்டையைப் பிடிப்பாள்?

---

சேலத்துப் பையன் எழுதியது:

கணக்கு ஒன்று போட்டேன். கடித்தால் போதும் என்ற சினிமா விதியை எடுத்துக்கொள்வோம். ஒரு வாம்பயர், மாதம் ஒரு கடி. அடுத்த மாதம் இரண்டு, அப்புறம் நாலு, எட்டு. 29 மாதத்தில் 53,68,70,912. கிட்டத்தட்ட 1600-ஆம் ஆண்டு உலக மக்கள்தொகை. இரண்டரை வருடத்தில் கடிக்க ஆளே இருக்காது. தேடினால், எஃப்திமியூ, காந்தி என்ற இரண்டு இயற்பியலாளர்கள் இதையே கட்டுரையாக எழுதியிருக்கிறார்கள்! அதனால் கதாசிரியர்கள் ரத்தப் பரிமாற்றம், மூன்று நாள் துடிப்பு என்று தடை வைத்தது வசதிக்காகத்தான். தடை இல்லாவிட்டால் தொடர்கதை மூன்றாம் பாகம் வராது.

---

தராசு எழுதியது:

தடையே இல்லாமலும் ஒருவர் எழுதினார். ரிச்சர்ட் மாத்தசன், 1954, ஐ ஆம் லெஜண்ட். காரணம் ஒரு பாக்டீரியா, புழுதிப் புயலில் பரவுகிறது. உன் கணக்குப்படியே உலகம் முடிந்துவிடுகிறது, மிஞ்சுவது ஒரே மனிதன். ஜாம்பி படங்களுக்கெல்லாம் தாத்தா அது. மெத்வேஜா ஊர்க்காரர்கள் படித்திருந்தால் தலையாட்டியிருப்பார்கள். அவர்கள் பார்த்ததும் கொள்ளைநோயைத்தானே.

---

நிலவறை எழுதியது:

நிறையக் கிடைத்தது, எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: வாம்பயர் என்றால் ரத்தம் குடித்தே ஆக வேண்டுமா? கிசில்யேவோவில் கழுத்தை நெரிப்பதோடு சரி.

---

பழைய ஏடு எழுதியது:

வேண்டியதில்லை. மிக்கோனோஸ் தீவில் துர்னெஃபோர் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் நேரில் பார்த்து எழுதியது. சண்டைக்காரக் குடியானவன் ஒருவன் வயலில் கொலையுண்டு கிடந்தான். புதைத்த இரண்டாம் நாளே ஊருக்குள் வந்து சாமான்களை உருட்டி, விளக்கை அணைத்து, பின்னாலிருந்து ஆட்களைக் கட்டிப்பிடித்தானாம். ஊரில் ஒரு கிழட்டுக் கசாப்புக்காரரை விட்டு இதயத்தை எடுக்கச் சொன்னார்கள். அவர் மார்பை விட்டுவிட்டு வயிற்றைக் கிழித்துக் குடலுக்குள் வெகுநேரம் துழாவிக்கொண்டிருந்தார். நாற்றத்துக்குச் சாம்பிராணி போட, புகையும் பிணத்திலிருந்தே வருகிறது என்று கூட்டம் அலறியது. இதயத்தை எரித்த பிறகும் அவன் அடங்கவில்லை, வீடு வீடாகப் போய்க் குடுவைகளையும் புட்டிகளையும் காலி செய்தான். கடைசியில் 1701 ஜனவரி 1 அன்று மொத்தமாக எரித்தார்கள். புட்டியைக் காலி செய்தது உயிருள்ள யாரோ என்பது துர்னெஃபோருக்குப் புரிந்திருக்கிறது, வாயைத் திறந்தால் உதை விழும் என்று பேசாமல் இருந்துவிட்டார்.

ரத்தம் மட்டுமல்ல, மனிதனாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. கொசோவோ பக்கத்து ரோமா மக்களிடம் வுக்கனோவிச் என்ற இனவரைவியலாளர் சேகரித்த நம்பிக்கை: பூசணிக்காயும் தர்பூசணியும் பத்து நாளுக்கு மேல் வீட்டில் கிடந்தாலோ, கிறிஸ்துமஸ் தாண்டி இருந்தாலோ வாம்பயர் ஆகிவிடும். இரவில் உறுமிக்கொண்டு உருண்டு வரும், மேலே ரத்தத் துளி தெரியும். பல் இல்லாததால் யாரும் பெரிதாகப் பயப்படுவதில்லையாம். கொதிநீரில் முக்கி, தண்ணீரைக் கொட்டி, துடைப்பத்தால் தேய்த்துத் தூக்கி எறிந்துவிட்டு, துடைப்பத்தை எரித்துவிட வேண்டும்.

---

மருதாணி எழுதியது:

பத்து நாளா? எங்கள் வீட்டுப் பரணில் ஆடியிலிருந்து ஒன்று கிடக்கிறதே. கொதிக்க வைத்த பிறகு எதற்கு எறிய வேண்டும், புளி ஊற்றிக் குழம்பு வைத்தால் ஆகாதா?